பாயிரம் பயிலாத படிப்பு

நம் மாநிலத்துப் பொறியியற் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் கலைக் கல்லூரிகளின் கணினி வகுப்புகளிலும் ஆண்டுதோறும் சி மொழியைக் கற்கத் தொடங்கும் மாணவர்கள், தாம் எழுதும் முதல் புரோகிராமின் முதல் வரியாக 'ஹாஷ் இன்க்ளூட்' என்பதையும், அதற்குப் பக்கத்தில் கோணக் குறிகளுக்குள் 'எஸ்டிடிஐஓ டாட் எச்' என்ற பெயரையும் எழுதுகிறார்கள். அந்த வரி எதற்காக அங்கே நிற்கிறது, அதை எடுத்துவிட்டால் என்ன நேரும், அது சுட்டும் கோப்பு கணினியில் எங்கே இருக்கிறது, அதைத் திறந்து பார்த்தால் உள்ளே என்ன காணப்படும் என்ற கேள்விகளில் ஒன்றேனும் எழாமலேயே அவர்களுடைய முதற் பருவம் கழிந்துவிடுகிறது.

தேர்வில் இவ்விஷயம் பெரும்பாலும் இரண்டு மதிப்பெண் வினாவாக வரும். அந்த வரி சுட்டும் கோப்புக்கு ஹெட்டர் ஃபைல் என்று பெயர். அது யாது என்று கேட்டால், முன்கூட்டியே எழுதப்பட்ட ஃபங்ஷன்களைத் தன்னுள் கொண்ட கோப்பு என்று மாணவர் விடை எழுதுவார்; திருத்துகிற ஆசிரியரும் முழு மதிப்பெண் வழங்குவார். அந்த விடை பிழையானது. அது பொறுத்துக்கொள்ளத்தக்க சிறு பிழையன்று, சி மொழியின் அமைப்பையே மாறாகப் புரிந்துகொள்ளச் செய்யும் பிழை என்பதும், அதைப் போக்குவதற்கு வேண்டிய பிரயாசை மிகச் சொற்பமே என்பதும் என் அபிப்பிராயம். கணினித் தொழிலோடு சம்பந்தமில்லாத வாசகர்களும் இதைச் சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன். அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்படும் கல்வியைப் பற்றிய பேச்சு இது.

சி மொழி, அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து மர்ரே ஹில் என்னும் ஊரில் அமைந்த பெல் ஆய்வுக்கூடத்தில், 1969க்கும் 1973க்கும் இடைப்பட்ட காலத்தில், டென்னிஸ் ரிச்சி என்பவரால், கென் தாம்ப்சன் இயற்றிய பி என்ற முந்தைய மொழியிலிருந்து வளர்த்தெடுக்கப்பட்டது. தொடக்கத்தில் அம்மொழியில் இன்க்ளூட் என்ற வசதியே கிடையாது. பிசிபிஎல், பிஎல்/ஒன் ஆகிய மொழிகளில் ஒரு கோப்பை இன்னொரு கோப்புக்குள் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்ததையும் அதனால் விளைந்த சௌகரியத்தையும் கண்டு, ஆலன் ஸ்னைடர் என்பவரின் வற்புறுத்தலும் சேர்ந்துகொள்ள, 1972, 1973 வாக்கில்தான் பிரீபிராசசர் என்னும் முன்செயலி சியுடன் இணைந்தது. அப்போது அதற்குத் தெரிந்தவை இரண்டே காரியங்கள்: சொன்ன கோப்பின் எழுத்துகளை அப்படியே சொன்ன இடத்தில் கொணர்ந்து வைப்பது, ஒரு சொல் வந்த இடமெல்லாம் வேறொரு சொல்லை மாற்றி வைப்பது. பின்னர் மைக் லெஸ்க்கும் ஜான் ரைசரும் அதை விஸ்தரித்தார்கள். சில ஆண்டுகள் வரையில், புரோகிராமின் தொடக்கத்தில் அதற்கென்று ஒரு தனிக் குறி இருந்தாலன்றி முன்செயலி இயக்கப்படுவதுகூட இல்லை. மொழிக்குப் புறத்தே நிற்கும் ஒரு துணைக் கருவியாகவே அதைக் கருதினார்கள்.

இந்த வரலாற்றை நான் எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. இன்க்ளூட் என்பது சி மொழியின் ஸ்டேட்மென்ட் அன்று, அதனால்தான் அதன் இறுதியில் அரைப்புள்ளி இடுவதில்லை என்பதையும், முன்செயலிக்குச் சி மொழியின் இலக்கணம் எதுவும் தெரியாது, அது வெறும் எழுத்துகளையே கையாளுகிறது என்பதையும் அறிந்த மாணவனுக்கு அந்த முதல் வரியைச் சூழ்ந்திருந்த மறைவு நீங்கிவிடுகிறது. இதைப் பிரத்தியட்சமாகக் காட்ட விரும்பும் ஆசிரியர், புரோகிராமை இயந்திர வடிவுக்கு மொழிபெயர்க்கும் ஜிசிசி கம்பைலருக்கு 'மைனஸ் ஈ' என்ற குறியைக் கொடுத்து, முன்செயலியோடு நின்றுவிடச் சொன்னால் போதும். ஐந்தாறு வரிகளில் எழுதிய புரோகிராம் பல நூறு வரிகளாக விரிந்து திரையில் ஓடும். அந்த நூற்றுக்கணக்கான வரிகளின் கடைசியில் மாணவன் எழுதிய மெயின் ஃபங்ஷன் சிறு துணுக்காகக் காட்சியளிக்கும். இடையில் எங்கோ, திரையில் எழுத்துகளை அச்சிடும் பிரின்ட்எஃப் என்ற ஃபங்ஷனின் பெயரும் தென்படும். ஆனால் அதன் உடல் அங்கே இராது. அது எவ்வகைப் பொருள்களைப் பெற்றுக்கொள்ளும், எவ்வகை விடையைத் திருப்பித் தரும் என்ற ஒற்றை வரிப் பிரகடனம் மட்டுமே இருக்கும்.

அந்தப் பிரகடனம் எதற்காக வேண்டும் என்பதே இவ்விஷயத்தின் உயிர்நிலை. யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை ஏற்றுக்கொண்ட முதல் பிடிபி-11 இயந்திரத்தின் நினைவகம் 24 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்திற்கே அதைவிடப் பன்மடங்கு இடம் தேவைப்படுகிறது. அத்தகைய சூழலில் பிறந்த கம்பைலர், ஒரு கோப்பை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே போகும். ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே மொழிபெயர்க்கும். ஒன்றைப் படிக்கும்போது மற்றொன்றில் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பாராது. ஆகவே வேறொரு கோப்பில் உள்ள ஃபங்ஷனை ஒருவன் அழைக்கும்போது, அதன் பெயர், அது பெறுவது, அது தருவது ஆகியவற்றைக் கம்பைலருக்கு முன்னதாகவே யாரேனும் சொல்லியாக வேண்டும். அழைக்கும் ஒவ்வொரு கோப்பிலும் அந்த வரிகளைக் கையால் எழுதினால், ஒரு நாள் அந்த ஃபங்ஷன் மாறும்போது ஓரிடத்தில் திருத்தியும் மற்றோரிடத்தில் திருத்த மறந்தும் போவது மனித சுபாவம். எனவே அவ்வரிகளை ஒரே கோப்பில் எழுதி, வேண்டியவர் எல்லாரும் சேர்த்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு வந்தது.

நம் இலக்கண மரபில் நூலுக்கு முன்னே பாயிரம் வைப்பார்கள். அது நூலை ஆக்கியோன் யார், நூல் எதைப் பற்றியது, யாருக்கு உரியது, அதனால் விளையும் பயன் யாது என்பவற்றைச் சொல்லும். நூல் உரைக்கும் இலக்கணத்தைத் தான் உரைக்க முற்படாது. ஹெட்டர் ஃபைல் சிக்கு வாய்த்த பாயிரம். அதைப் படித்தவன் நூலின் எல்லையை அறிவான். நூலையே கற்றுவிட்டதாக எண்ணமாட்டான். இரண்டு மதிப்பெண் விடையில் நாம் மாணவனுக்குக் கற்பித்திருப்பதோ, பாயிரத்திற்குள்ளேயே நூல் இருக்கிறது என்பதாகும்.

அப்படியானால் நூல் எங்கே இருக்கிறது? லைப்ரரி எனப்படும் தனிக் கோப்புகளில், ஏற்கெனவே மொழிபெயர்க்கப்பட்ட இயந்திர வடிவில் இருக்கிறது. அதைத் தேடி எடுத்து இணைப்பது லிங்க்கரின் காரியம். ஹெட்டர் வேறு, லைப்ரரி வேறு என்ற இந்தப் பேதத்தை அறியாதவனுக்கு நேரும் முதல் இடர்ப்பாடு வர்க்கமூலம் காணும் புரோகிராமில் வரும். பயனர் தரும் எண்ணின் வர்க்கமூலத்தைக் கணிக்க, மாணவன் 'மேத் டாட் எச்' கோப்பை முறையாகச் சேர்த்துக்கொண்டு, எஸ்கியூஆர்டி என்ற ஃபங்ஷனை அழைக்கிறான். லினக்ஸ் கணினியில் கம்பைலர் அதை ஏற்கிறது. ஆனால் லிங்க்கர் எஸ்கியூஆர்டி என்பது எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை என்று பிழை சொல்லி நிறுத்திவிடுகிறது. கட்டளையின் இறுதியில் 'மைனஸ் எல்எம்' என்று சேர்த்துக் கணித லைப்ரரியையும் இணைக்கச் சொன்னால் காரியம் முடிந்துவிடும். ஹெட்டர் ஃபைலுக்குள்ளேயே ஃபங்ஷன் இருப்பதாகக் கற்ற மாணவனுக்கோ இப்பிழை விளங்கவே விளங்காது. தான் சரியாகச் சேர்த்த வரியையே திரும்பத் திரும்ப அழித்து எழுதிக்கொண்டிருப்பான்.

இந்தப் பேதம் நம் மாணவர் பலருடைய கண்ணுக்குப் படாமற்போனதற்கு ஒரு சரித்திரக் காரணமும் உண்டு. போர்லாண்ட் நிறுவனம் 1987இல் வெளியிட்ட டர்போ சியும் அதன் பின்வந்த டர்போ சி++ பதிப்புகளும் நம் கல்லூரி ஆய்வகங்களில் நெடுங்காலம், அவை உலகில் வழக்கொழிந்த பிறகும், அரசோச்சின. எழுதுவது, மொழிபெயர்ப்பது, இணைப்பது, ஓட்டுவது ஆகிய நான்கையும் ஒரே நீலத் திரையில், ஓரிரு விசைகளை அழுத்துவதன் மூலம் செய்துமுடிக்கும் அந்தச் சாமர்த்தியமான கருவி, வேண்டிய லைப்ரரிகளையும் கேளாமலேயே இணைத்துவிடும். அக்காலத்தில் அது பெரிய உதவி. அதைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இணைப்பு என்ற ஒரு கட்டம் இருப்பதே தெரியாமல் மாணவர்கள் வளர்ந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். திரையைத் துடைப்பதற்காகவும் ஒரு விசை அழுத்தும்வரை காத்திருப்பதற்காகவும் சேர்த்த 'கோனியோ டாட் எச்', சி மொழியின் நியமத்தைச் சேர்ந்ததே அன்று. 1989இல் வகுக்கப்பட்ட ஆன்சி நியமத்தில் ஹெட்டர்கள் 15, 1999ஆம் ஆண்டு நியமத்தில் 24, 2011இல் 29. இவற்றில் எதிலும் கோனியோ இல்லை. அது டாஸ் காலத்துக் கருவிகளோடு வந்த ஒன்று. கல்லூரியை விட்டு வெளியேறி லினக்ஸ் கணினியின் முன் அமர்ந்த இளைஞனுக்கு, தான் மனப்பாடம் செய்த இரண்டாவது வரியே செல்லாது என்ற செய்தி அங்கேதான் கிடைக்கிறது.

டர்போ சி++ கருவியில் இன்னொரு விசித்திரமும் இருந்தது. கோப்பின் பெயர் சிபிபி என்று முடிந்தால், ஹெட்டர் இல்லாத புரோகிராமை அது ஏற்காமல், பிரின்ட்எஃப் ஃபங்ஷனுக்குப் புரோட்டோடைப், அதாவது பிரகடனம், வேண்டும் என்று நிறுத்திவிடும். பெயர் சி என்று மட்டும் முடிந்தால், அதே புரோகிராமை ஓர் எச்சரிக்கையோடு ஏற்று ஓட்டியும் காட்டும். ஒரே வரி ஓரிடத்தில் அவசியமாகவும் ஓரிடத்தில் அநாவசியமாகவும் தோன்றுகிறதே என்று கேட்கும் மாணவனுக்கு, ஒரு நல்லாசிரியர் அரை மணி நேரத்தில் சி மொழியின் பழைய விதி முழுவதையும் விளக்கிவிடலாம்.

அந்த விதி இது. பிரகடனம் செய்யப்படாத ஒரு ஃபங்ஷனைக் கண்டால், அது முழு எண்ணையே திருப்பித் தரும் என்று கம்பைலர் தானாக அனுமானித்துக்கொள்ளும். பழைய கணினிகள் பலவற்றில் முழு எண்ணுக்கும் நினைவக முகவரிக்கும் ஒரே அளவாக இருந்தபடியால், இந்த அனுமானம் பெரும்பாலும் கெடுதி செய்யாமல் கழிந்தது. 64 பிட் லினக்ஸ் கணினியிலோ முழு எண்ணின் அளவு 4 பைட், முகவரியின் அளவு 8 பைட். மாணவன் தானே ஒரு ஃபங்ஷனை எழுதி, அது ஒரு முகவரியைத் திருப்பித் தருமாறு அமைத்து, அதை வேறொரு கோப்பில் வைத்துவிட்டு, பிரகடனம் இல்லாமல் அழைத்தால், திரும்பி வரும் முகவரியின் மேற்பாதி வழியிலேயே அறுபட்டுப்போகும். புரோகிராம் சில வேளை ஓடும், சில வேளை நின்றுவிடும். காரணம் அவ்வரியில் தெரியாது. நினைவகத்தில் இடம் ஒதுக்கித் தரும் மால்லாக்கைப் போன்ற பிரசித்தமான ஃபங்ஷன்களைச் சில கம்பைலர்கள் தாமே அறிந்து திருத்திக்கொள்ளும். நாமே எழுதியவற்றுக்கு அந்த உதவி கிடையாது. அன்றியும், மால்லாக் தரும் விடையின் முன்னே வகைமாற்றக் குறியொன்றை இடவேண்டுமென்று நம் பாடநூல்கள் பல கட்டாயமாகக் கற்பிக்கின்றனவே, சி மொழியில் அது அவசியமில்லாதது மட்டுமன்று. ஹெட்டரைச் சேர்க்க மறந்த பிழையைப் பற்றிக் கம்பைலர் சொல்லவந்த எச்சரிக்கையையும் அது அடக்கிவிடக்கூடும்.

1999ஆம் ஆண்டின் நியமம் இந்த அனுமான விதியை நீக்கியது. ஆயினும் பழைய புரோகிராம்கள் கெட்டுவிடும் என்ற தயக்கத்தால் கம்பைலர்கள் கால் நூற்றாண்டு காலம் எச்சரிக்கையோடு நின்றுகொண்டன. 2024இல் வெளியான ஜிசிசியின் 14ஆம் பதிப்பில்தான் அது இயல்பாகவே பிழையென்று தள்ளப்பட்டது. ஆகவே ஹெட்டரைப் பற்றிய அறியாமைக்கு இதுவரை கிடைத்துவந்த சலுகை இனிக் கிடையாது.

கோணக் குறிக்கும் மேற்கோள் குறிக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சுருக்கமாகவே சொல்லலாம். கோணக் குறி இட்டால் கணினியில் ஹெட்டர்களுக்கென்று ஒதுக்கிய இடங்களில் தேடும். மேற்கோள் குறி இட்டால் வழக்கமாக முதலில் நம் கோப்பு இருக்கும் இடத்தில் தேடி, கிடைக்காவிட்டால் அங்கே செல்லும். மாணவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. மேற்கோள் குறியைப் பயன்படுத்தும் சந்தர்ப்பம்தான் அவர்களுக்கு வாய்ப்பதில்லை, ஏனெனில் தமக்கென்று ஒரு ஹெட்டரை எழுதும்படி அவர்களை யாரும் கேட்பதில்லை.

அதைக் கேட்பதே என் பிரதான விண்ணப்பம். ஹெட்டரைச் சேர்ப்பவனுக்கு விளங்காத பல, ஹெட்டரை எழுதுபவனுக்கு விளங்கும். ஒரே ஹெட்டர் இரண்டு வழியாக ஒரே கோப்புக்குள் வந்துவிட்டால், அதிலுள்ள ஸ்ட்ரக்சர் இரண்டு முறை வரையறுக்கப்பட்டுக் கம்பைலர் மறுத்துவிடும் என்பதை ஒரு முறை நேரே கண்டவனுக்கு, ஹெட்டரின் தலையிலும் கடையிலும் இஃப்என்டெஃப், டிஃபைன், என்டிஃப் என்று காவல் வரிகள் இருப்பதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. ஹெட்டருக்குள் ஒரு மாறியை வரையறுத்துவிட்டு, அதை இரண்டு கோப்புகளில் சேர்த்தால், இரண்டு கோப்புகளும் தத்தமக்கு ஒரு மாறியைப் படைத்துக்கொண்டு லிங்க்கரிடம் சென்று மோதும். 'எக்ஸ்டெர்ன்' என்ற ஒரு சொல்லை முன்னே வைத்துப் பிரகடனமாக்கி, வரையறையை ஒரே சி கோப்பில் வைப்பதே முறை. இந்தத் தவறையும் பழைய ஜிசிசி பெருந்தன்மையோடு பொறுத்துவந்தது. 2020இல் வந்த 10ஆம் பதிப்பு அந்த இணக்கத்தை நீக்கியபோது, அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த அநேக பழைய மென்பொருள்கள் இணைய மறுத்து நின்றன. அனுபவசாலிகள் எழுதியவையும் அவற்றுள் இருந்தன.

இதற்கெல்லாம் மேற்பட்டு, எதை வெளியே சொல்வது, எதை உள்ளே வைத்துக்கொள்வது என்ற விவேகத்தை ஹெட்டர் எழுதும் பயிற்சி வளர்க்கிறது. 1972 டிசம்பரில் டேவிட் பார்னாஸ் என்னும் அறிஞர் வெளியிட்ட ஓர் ஆய்வுரை, ஒரு பெரிய மென்பொருளைப் பகுதிகளாகப் பிரிக்கும்போது, பிற்காலத்தில் மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்குள் மறைத்து வைக்கும்படி பிரிக்க வேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டியது. சி மொழிக்கு இன்க்ளூட் வந்து சேர்ந்த அதே காலம் அது. எஸ்டிடிஐஓ தரும் ஃபைல் என்ற வகையை நாம் அன்றாடம் கையாளுகிறோம். அதன் உள்ளமைப்பை அறியாமலேயே கோப்பைத் திறக்கிறோம், எழுதுகிறோம், மூடுகிறோம். அந்த உள்ளமைப்பு கணினிக்குக் கணினி மாறினாலும் நம் புரோகிராம் மாற வேண்டியதில்லை. தான் எழுதும் சிறிய ஹெட்டரிலும் இந்தக் கட்டுப்பாட்டைக் கைக்கொள்ளப் பழகிய மாணவன், பின்னாளில் எந்த மொழிக்குச் சென்றாலும் அந்தச் சிரத்தையைக் கூடவே கொண்டு செல்வான்.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் கூறப்படுவதுண்டு. பைத்தானும் ஜாவாவும் ஹெட்டரே இல்லாமல் இயங்குகையில், ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய ஏற்பாட்டை இவ்வளவு விஸ்தாரமாகக் கற்பிப்பானேன் என்பது ஒன்று. ஹெட்டர் முறையில் குறைகள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. யூனிக்ஸின் 'பிஎஸ்' என்ற கட்டளைக்குரிய புரோகிராமை 1984இல் மொழிபெயர்த்தபோது, ஒரே ஹெட்டர் 37 முறை சேர்க்கப்பட்டதைக் கண்டதாக ராப் பைக் என்னும் கணினி அறிஞர் குறிப்பிட்டிருக்கிறார். காவல் வரிகள் 36 முறை உள்ளடக்கத்தைத் தள்ளிவிட்டாலும், அக்காலக் கம்பைலர்களில் பெரும்பாலானவை அதை ஒவ்வொரு முறையும் திறந்து படித்தே தீரும். 2007இல் கூகுள் நிறுவனத்தில் சி++ மொழியில் அமைந்த ஒரு பெரிய புரோகிராமின் சுமார் 2,000 மூலக் கோப்புகள் சேர்ந்து 4.2 மெகாபைட் இருந்தன. ஹெட்டர்கள் விரிந்தபின் கம்பைலரிடம் சென்றதோ 8 கிகாபைட்டுக்கும் மேல். இத்தகைய அவஸ்தையிலிருந்தே கோ மொழி பிறந்தது என்றும் அவரே எழுதியிருக்கிறார். லினக்ஸ் கருவில் ஹெட்டர்களின் சிக்கலைத் தீர்க்க இங்கோ மோல்னார் 2022 ஜனவரியில் முன்வைத்த திருத்தங்கள் 2,200க்கும் மேற்பட்டவை. ஆனால் இவையெல்லாம் ஹெட்டரை நன்றாக அறிய வேண்டுமென்பதற்கே ஆதாரங்கள். பைத்தானின் மூல வடிவமும் லினக்ஸ் கருவும் சி மொழியில் எழுதப்பட்டவை; அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பு இனிவரும் தலைமுறையைச் சேர்ந்தது.

முதலாண்டு மாணவனுக்கு இது ஜீரணமாகாது, வகுப்பில் நேரமும் இல்லை என்பது மற்றோர் ஆட்சேபம். நேரம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்பது ஒரே ஓர் ஆய்வக வகுப்பு. லினக்ஸ் கணினியில் 'யூஎஸ்ஆர்' என்ற இடத்திற்குள் உள்ள 'இன்க்ளூட்' அடைவுக்குச் சென்று எஸ்டிடிஐஓ கோப்பைத் திறந்து காட்டட்டும். முதல் வரியை அழித்துவிட்டு மொழிபெயர்க்கச் சொல்லி, வரும் செய்தியை மாணவர்களையே உரக்கப் படிக்கச் சொல்லட்டும். இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தியைக் காணும் ஃபங்ஷனை ஒரு கோப்பிலும், மெயினை மற்றொரு கோப்பிலும், பிரகடனத்தை மூன்றாவது கோப்பிலும் எழுதச் செய்து, மூன்றையும் சேர்த்து ஓட்டச் செய்யட்டும். பிறகு பிரகடனத்திலும் வரையறையிலும் வகைகளை வேண்டுமென்றே வேறுபடுத்தி எழுதச் சொல்லட்டும். வரையறை இருக்கும் கோப்பும் தன் ஹெட்டரைத் தானே சேர்த்துக்கொண்டால்தான் அந்த முரண்பாடு கம்பைலருக்குத் தெரியவரும் என்ற நுட்பம் அப்போது மாணவனின் கைக்கே வந்துவிடும்.

தேர்வு முறை மாறாமல் வகுப்பு மாறாது என்பதும் அனைவரும் அறிந்ததே. ஹெட்டர் ஃபைல் யாது என்ற இரண்டு மதிப்பெண் வினாவைக் கைவிட்டு, அதனிடத்தில் இரண்டு சிறிய சி கோப்புகளையும் ஒரு ஹெட்டரையும், அவற்றை இணைக்க முற்பட்டபோது லிங்க்கர் எழுப்பிய பிழைச் செய்தியையும் அச்சிட்டு, பிழை எந்தக் கோப்பில் இருக்கிறது, கம்பைலர் அதை ஏன் கண்டுகொள்ளவில்லை, எவ்வாறு திருத்துவது என்று கேட்கலாம். பாடத்திட்டத்தைத் திருத்த வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை; பிரீபிராசசர், கம்பைல் செய்யும் கட்டங்கள் என்ற தலைப்புகள் பல பாடத்திட்டங்களில் ஏற்கெனவே இடம்பெற்றிருக்கின்றன. வினாத்தாள் அமைக்கும் பேராசிரியர்கள் மனம் வைத்தால் வருகிற பருவத்திலேயே இதைத் தொடங்கிவிடலாம்.